அடையாளம் சொன்னால் தரப்படும்

மறதி நோய் முற்றி, அப்பா என்னை "வாங்க மேடம்" என்று வரவேற்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். ஒரு தடவையாவது அவர் என்னைத் தன் மகளாகப் பார்க்க வேண்டும். அதற்காக எந்தக் கோமாளித்தனத்துக்கும் தயாராக இருந்தேன்.

பராமரிப்பு இல்லத்தில் நினைவுப் பயிற்சி தரும் பெண் ஒரு யோசனை சொன்னாள். "வீட்டுல இருக்கற பழைய சாமானைக் கொண்டு வாங்க. கையில குடுங்க. தொட்டுப் பாக்கட்டும், மோந்து பாக்கட்டும். ஆனா 'ஞாபகம் இருக்கா, ஞாபகம் இருக்கா'ன்னு பரீட்சை மட்டும் வைக்காதீங்க."

பரணைக் குடைந்து ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனேன். செத்துப்போன அம்மாவின் மூக்குக் கண்ணாடி, அப்பாவின் சவர டப்பா, பழைய டார்ச், என் பள்ளிக்கூட டிபன் பாக்ஸ். மேசையில் பரப்பியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்தார். மடக்கினார், விரித்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு விட்டுட்டுப் போனது?" என்றார்.

"அம்மாவோடதுப்பா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அடையாளம் சொல்லுங்க." கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்து உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள் பிரிவில் வேலை பார்த்தே தலை நரைத்தவர். பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் காலம் தள்ளியவர். அங்கே அவர் கைக்கு வந்த ஒரு பொருளும் அவருடையதில்லை. அவரிடம் போய் சாமானைப் பரப்பினால் வேறென்ன செய்வார்?

"கறுப்பு ஃப்ரேம். இடது பக்கம் திருகு விழுந்துடுச்சு, நூல் கட்டியிருக்கும்," என்றேன்.

கையைக் கொஞ்சமாகத் தூக்கி எட்டிப் பார்த்தார். "நூல் வலது பக்கம் இருக்கு. கண்ணாடி வேணும்னா கடையில போய் வாங்கிக்கங்க மேடம்."

சொந்த அம்மாவின் கண்ணாடிக்கு நான் திருடியாகிவிட்டேன்! கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். பயிற்சிப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குத் திருப்பி எடுத்து வந்த மற்ற சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டிபன் பாக்ஸின் அடியில் ஆணியால் கீறிய மீன் படம் யார் கைவேலை? டார்ச்சுக்குள் எதற்குக் காகித மடிப்பு? சவர டப்பாவின் மூடி ஏன் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது? வருஷக்கணக்காகக் கூடவே புழங்கியும் எதையும் கவனித்ததில்லை. "பயிற்சி உங்கப்பாவுக்கா, உனக்கா?" என்று கணவர் கிண்டலடித்தார். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

அடுத்த வாரம் டிபன் பாக்ஸை மறுபடி அவர் மேசையில் வைத்து, அடையாளம் சொல்லி மீட்டேன். பிறகு டார்ச்சை. அப்புறம் ஒருவழியாக அம்மாவின் கண்ணாடியையும். "சரி, உங்களுதுதான்," என்று நீட்டும்போது அப்பா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஆனால் கொடுத்த கையோடு என்னைத் தாண்டி அடுத்த ஆளைப் பார்ப்பார். பின்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். எனக்கு அந்த நிமிஷம்தான் பொறுக்காது.

ஒருநாள் வெறுங்கையோடு போய் நின்றேன்.

"என்ன தொலைச்சீங்க?"

"எங்கப்பாவை." யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. "ஆளுங்களை இங்க வைக்கறதில்லையே மேடம். பொருள் மட்டுந்தான்." என் கண் நிறைந்ததைப் பார்த்திருக்க வேண்டும். குரல் தணிந்தது. "அழாதீங்க. அவரும் உங்களைத் தேடிக்கிட்டுதான் இருப்பாரு. பொண்ணைக் காணோம்னு இங்கதான் வந்து நிப்பாரு. அப்ப நான் திருதிருன்னு முழிக்கக் கூடாதில்ல? இப்படி வெளிச்சத்துக்கு வாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். நோய் வந்த பிறகு அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. காது மடலைத் தொட்டார். மூக்கைப் பார்த்தார். புருவத்துக்கு மேலே இருந்த தழும்பில் கட்டைவிரல் நின்றது.

"இது எப்படி?"

"சின்ன வயசுல ஊஞ்சல்லேருந்து விழுந்துட்டேன். அப்பாதான் வேகமா ஆட்டிவிட்டாரு. தையல் போடறப்ப என்னைவிட அவருதான் அதிகமா அழுதாரு."

அப்பா தழும்பை இன்னொரு தடவை தடவினார்.

"இது போதும். வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றார். "அவரு வந்து இதைச் சொல்லட்டும், உங்களைக் குடுத்துடறேன். வேற எவன் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."