ஜெமீலாவின் வீட்டு எஸ்டிமேட்

மேசன் வேலையில் நான் கெட்டிக்காரன். தற்பெருமைக்குச் சொல்லவில்லை, என் புத்தியெல்லாம் கல்லோடும் சுண்ணாம்போடும் முடிந்துபோயிற்று என்பதற்காகச் சொல்கிறேன். வீட்டின் நீள அகலத்தைச் சொன்னால் போதும், எத்தனை கல், எத்தனை ஓடு, எத்தனை நாள் கூலி என்று நின்ற நிலையில் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு வீட்டுக்குப் பொய்க் கணக்குக் கொடுத்தேன். அதையும் மூன்று தடவை கொடுத்தேன்.

ஐம்பத்துமூன்றாம் ஆண்டு சாய்ந்தமருது சீனிமுகம்மது போடியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வயல்காரப் போடியார் என்றதும் பெரிய பணக்காரர் என்று நினைக்க வேண்டாம். மாவடிப்பள்ளியில் ஐந்து ஏக்கர் வயல், அவ்வளவுதான். ஒரே மகள் ஜெமீலா. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவான்.

"ரெண்டு அறை, ஒரு மண்டபம், ஓட்டுக் கூரை. நீங்க குடியிரிக்கப் போற வீடெண்டு நினைச்சுக் கணக்குப் போடுங்க கலந்தர்," என்றார் போடியார்.

வீடு கட்டுகிற எல்லோரும் மேசனிடம் சொல்கிற பேச்சுத்தானே என்று தலையாட்டிவிட்டு, வீடு எழும்ப வேண்டிய வளவை அளந்தேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வாப்பா, குசினிக்குக் கிழக்கால ஒரு ஜன்னல் வைக்கச் செல்லுங்க. விடிய அடுப்பு மூட்டக்குள்ள வெளிச்சம் வேணும்."

அவ்வளவுதான் பேசினாள். பிறகு தேத்தண்ணி வைத்த கையை மட்டும் பார்த்தேன். அன்றிலிருந்து யாருடைய குசினியைக் கட்டினாலும் கிழக்கே ஒரு ஜன்னல் வைத்தேன். பைத்தியம்தான், வேறென்ன!

ஆனால் வாய் திறக்க எனக்கு வழியில்லை. என் வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். வீட்டில் இரண்டு தங்கைகள். அவர்களைக் கரையேற்றும் முன் தன் கல்யாணத்தைப் பற்றிக் கதைக்கிற ஆம்பிளையை ஊரில் எவனும் மதிக்கமாட்டான். மூத்தவளின் வீடு அப்போதுதான் அத்திவாரத்தில் நின்றது. போடியாரின் வீடு எழும்பினாலோ, அடுத்த மாதமே எவனாவது ஒருவன் மாப்பிள்ளையாக வந்து இறங்கிவிடுவான்.

உண்மையான கணக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். நான் மூவாயிரத்து அறுநூறு என்று எழுதினேன். முழுப்பணமும் கையில் சேராமல் ஒரு கல்லும் இறக்கமாட்டேன் என்பது போடியாரின் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தைத்தான் நம்பியிருந்தேன்.

அடுத்த வருடம் அறுவடை முடிந்ததும் காசு சேர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார். மேசன்மாரெல்லாம் கல்லோயாக் குடியேற்றத்தில் வீடு கட்டும் வேலைக்குப் போய்விட்டார்கள், கூலி ஏறிவிட்டது என்று சொல்லி நாலாயிரத்து முந்நூறு ஆக்கினேன். கூலி ஏறியது மெய்தான், எழுநூறு ரூபாய்க்கு ஏறவில்லை. அதற்கும் அடுத்த வருடம் மண்ணில் குறை கண்டுபிடித்தேன். கடற்கரை மணல், அத்திவாரம் இன்னும் இரண்டு அடி ஆழம் போகவேண்டும் என்று ஐயாயிரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். போடியார் கடதாசியை வெகுநேரம் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சைக்கிளில் கல்முனைக்குடிக்குத் திரும்பும்போது, இன்னும் ஒரு வருடம் அவளை யாரும் கொண்டுபோக முடியாது என்று சந்தோஷப்பட்டேன்.

ஐம்பத்தாறில் இளையவளின் வீட்டுக்கும் ஓடு போட்டு நிக்காஹை முடித்தேன். மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுத கையோடு புதுக் கணக்கு ஒன்று எழுதினேன். மூவாயிரம் ரூபாய், ஒரு சதம் கூடாது. முன்பு பிழை விட்டுவிட்டேன் என்று போடியாரிடம் ஒப்புக்கொள்வது, பின்னேரம் உம்மாவை அனுப்பிச் சம்மந்தத்தைச் சாடையாகக் கதைக்கச் சொல்வது. இதுதான் என் திட்டம். மூன்று வருட ஏக்கம் அன்றோடு தீர்ந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

நான் சட்டைப் பையில் கைவைக்கும்போதே போடியார் தடுத்துவிட்டார்.

"அந்தக் கணக்கு இனி வேணாம் கலந்தர். மகளுக்கு மாப்பிள்ள சரிவந்திட்டு. அடுத்த மாசம் நிக்காஹ். மருதமுனைப் பொடியன், நெசவு செய்யிறான். மண் வீடு, கிடுகுக் கூரை போதும் எண்டு செல்லிட்டான்."

பையிலிருந்து வெறுங்கையை எடுத்தேன்.

"உங்களோட எனக்குக் கோவமில்ல. நான் முதல்ல உங்களத்தான் மாப்பிள்ளையா நினைச்சிருந்தன். அதாலதான் நீங்க குடியிரிக்கப் போற வீடெண்டு கணக்குக் கேட்டன். மாப்பிள்ள கேக்கிற வீட்டத்தானே பொண்ணுட வாப்பா கட்டிக் குடுக்கணும்? உங்கட தங்கச்சிமார்ர வீடு முடியிற வரைக்கும் பொறுக்கவும் இருந்தன். நீங்க வருசா வருசம் ஏத்திட்டே போனீங்க. ஐயாயிரத்துக்கு நான் வயலத்தான் விக்கணும்."

"ஜெமீலா...?" என்று கேட்டேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

"அவள் மூணு வருசமா வந்த சம்மந்தத்தையெல்லாம் வேணாமெண்டவள். கடைசியில, எங்கட வயல விக்க வைக்கிற மனிசன் எனக்கு வேணாம் வாப்பா எண்டிட்டாள்."

பையில் இருந்த கடதாசியை எடுத்துக் காட்டியிருக்கலாம். நாள் குறித்த பெண்ணின் வாப்பாவிடம் எதைக் காட்டுவது?

"அந்த மண் வீட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுத் தாங்க," என்றார் போடியார். "கைக்கு எட்டின கணக்கா இரிக்கட்டும்."

போட்டேன். கம்பு, களிமண், கிடுகு, கயிறு, கதவு இரண்டு. முந்நூற்று எண்பது ரூபாய்.

"உங்கட கூலிய எழுதல்லயே?"

"எழுதல்ல போடியார்."

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு ஆளோடு போனேன். மூன்று வருடமாக அவளுக்கு ஒரு வீடு எழும்பவிடாமல் பார்த்தவன், இருபது நாளில் அதைக் கட்டி முடித்து, கதவுப் பூட்டின் திறப்பைப் போடியார் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.