கவிழ்த்த செருப்பு

மோதிரத்தைக் காணோம் என்று ஹோட்டலிலிருந்து போன் வந்ததும், சலவைக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள்.

அவள் உருளை இஸ்திரிக்கு முன்னால் நின்றிருந்தாள். ஈரமான படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து, சூடான உருளைகளுக்கு நடுவே கொடுப்பது அவள் வேலை. கொஞ்சம் அசந்தால் விரிப்போடு விரலும் போய்விடும். அதனால் தலையைத் திருப்பவில்லை. திருப்பாமலே தெரிந்தது. முதுகில் பார்வை விழுந்தால் தெரிந்துகொள்ளும் வித்தையை உள்ளே இருந்தபோது கற்றிருந்தாள்.

உள்ளே என்றால் சிறை. வீட்டு வேலைக்குப் போன இடத்தில் நகையை எடுத்தாள், பிடிபட்டாள், கொடுத்த தண்டனையை முழுசாக அனுபவித்துவிட்டு வெளியே வந்தாள். அதோடு முடிந்தது என்று நீதிமன்றம் சொன்னது. சலவைக்கூடத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

யாரிடமும் வாய் கொடுக்கமாட்டாள் என்பதால் ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட நீளமாக இருந்ததால் வெறும் கோட்டான் ஆக்கினார்கள். பெயர் வைத்தவள் துண்டு மடிக்கும் மேஜையில் இருந்த ஒரு வாயாடி. அவளுக்கு ஏற்கெனவே ரேடியோ என்று பெயர். எல்லாச் செய்தியும் அவளிடமிருந்துதான் கிளம்பும்.

"ஏய் கோட்டான், வைர மோதிரமாம்டி!" என்று ரேடியோ மேஜையிலிருந்தே கத்தினாள். "தலையணை உறையோட வந்திருக்கும்னு சொல்றாங்க. உன் கண்ணுல படலையா?"

"படலை."

"உன் கண்ணுல படாததா? நம்பிட்டோம்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். கோட்டான் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

அவளுக்கு மோதிரத்தைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் திங்கட்கிழமையைப் பற்றித்தான். அவளுடைய மகள் அரசாங்கக் காப்பகத்தில் வளர்கிறாள். அப்பன் போனவன் போனவன்தான். அம்மாவுக்கு நிலையான வேலை இருந்தால் பெண்ணை அனுப்பலாம் என்று உத்தரவாகியிருந்தது. திங்கட்கிழமை காப்பக அதிகாரி இந்தச் சலவைக்கூடத்துக்கு போன் செய்வார். முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். இந்த அம்மா உங்களிடம் வேலை செய்கிறார்களா? ஆமாம் என்றால் பெண் வருவாள். இல்லை என்றால் வரமாட்டாள்.

போன தடவை பார்க்கப் போனபோது மகள் கேட்டிருந்தாள்: "அம்மா, அங்க எனக்குன்னு தனியா தலையணை இருக்குமா?" மறுநாளே தலையணை வாங்கி, நீல உறை போட்டு, கட்டிலின் சுவர்ப் பக்கம் வைத்துவிட்டாள்.

"எல்லாரும் மெஷினை நிறுத்துங்க!"

சொன்னது மேடம். சலவைக்கூடத்து மேற்பார்வையாளரை முதலாளி உட்பட எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். குதிகால் உயர்ந்த செருப்பு டக் டக்கென்று சத்தமிட வருவார். மடிப்புக் கலையாத உடை. சாயங்காலம் வாசலில் நின்று எல்லோருடைய பையையும் சோதிப்பது அவர்தான். மற்றவர்கள் பையைத் திறந்து காட்டினால் போதும். கோட்டானுடைய பையை மட்டும் மேஜையில் கொட்டுவார். பிறகு உடம்பைத் தடவுவார். அனுப்பிவிட்டு, ஏதோ மறந்ததுபோலத் திரும்பக் கூப்பிட்டு மறுபடியும் தடவுவார்.

"கோவிச்சுக்காதே, சில பழக்கம் லேசுல விடாது பாரு," என்பார், எல்லோர் காதிலும் விழும்படி.

கோட்டான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். திங்கட்கிழமை வரைக்கும் பல்லைக் கடிக்கலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

உருளைகள் நின்றன. மேடத்துக்குப் பின்னால் ஒரு போலீஸ்கார அம்மா வந்தாள். கையில் தடி, முகத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுப்பப்பட்ட எரிச்சல். வந்ததும் வராததுமாக, தடியால் துணி வண்டியில் ஓங்கித் தட்டினாள்.

"சோதனை! எல்லாரும் சுவத்துப் பக்கம் போங்க!"

மற்றவர்களுக்கு அது ஒரு கட்டளை. "எந்தச் சுவருங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனாள். ரேடியோ தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

கோட்டானின் உடம்பு யாரையும் கேட்கவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்த கணமே கால்கள் செருப்பை விட்டு வெளியே வந்தன. குனிந்து, இரண்டு செருப்பையும் அடிப்பாகம் மேலே தெரியும்படி கவிழ்த்து வைத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பினாள். உள்ளங்கைகளைச் சுவரில் பதித்தாள். கால்களை அகட்டினாள்.

அந்தச் சிறையில் அதுதான் வழக்கம். எப்போதோ ஒருத்தி செருப்பின் அடியில் பிளேடு ஒட்டி வைத்திருந்தாளாம். அன்றிலிருந்து சோதனை என்று சத்தம் கேட்டால் முதலில் செருப்பைக் கவிழ்க்க வேண்டும். தாமதித்தால் முழங்காலின் பின்பக்கம் தடி விழும். வருஷக்கணக்கில் விழுந்து பழகினால், தூக்கத்தில்கூடக் கை செருப்பைத் தேடும்.

"என்னடி இது? செருப்பை வெச்சு ஜோசியம் பாக்கறியா?" என்று ரேடியோ சிரித்தாள்.

முகம் எரிந்தது. கோட்டான் சுவரிலிருந்து கையை எடுக்காமலே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அங்கே, விரிப்புகள் குவிந்த உயரமான துணி வண்டியின் மறைவில், ஒரு ஜோடி குதிகால் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அடிப்பாகம் மேலே. குதிகால்கள் இரண்டும் கூரையைப் பார்த்தபடி நின்றன.

மேடம் வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்றிருந்தார். உள்ளங்கைகள் சுவரில். கால்கள் அகன்று. கண்கள் இறுக மூடி.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். கண்ணைத் திறந்தார், கோட்டானைப் பார்த்தார், முகத்தில் இரத்தம் சுண்டியது. அடுத்த கணம் செருப்பு காலில் இருந்தது, டக் டக்கென்று நடுக்கூடத்துக்குப் போய்விட்டார். வண்டியின் மறைவு. வேறு யாரும் பார்க்கவில்லை.

சோதனை தொடங்கியது. தொடங்கியது என்ன, கோட்டானிடம் தொடங்கி கோட்டானோடு முடிந்தது. பை, உடை, கூந்தல், வாய்க்குள் வரைக்கும். மோதிரம் வந்ததாகச் சொன்ன துணி எந்த மெஷினில் போனது, அதன் வடிகட்டியில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுடைய நாக்கை உயர்த்திப் பார்க்கத் தோன்றியது.

"எங்கே மறைச்சு வெச்சிருக்கே? நீயா சொல்லிட்டா நல்லது."

"நான் எடுக்கலைங்க."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னியா?"

"போன தடவை எடுத்தேன். எடுத்தேன்னுதான் சொன்னேன்."

போலீஸ்கார அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தடியை மாற்றிப் பிடித்தாள். அப்போதுதான் முதலாளியின் அறையில் போன் அடித்தது.

மோதிரம் கிடைத்துவிட்டது. ஹோட்டலில் தங்கியிருந்த, மோதிரத்துக்குச் சொந்தக்கார அம்மாளுடைய பவுடர் பெட்டிக்குள்ளேயே இருந்ததாம். அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லையாம்.

"நல்லதாப் போச்சு," என்றாள் போலீஸ்கார அம்மா. முதலாளி வரவழைத்த டீயைக் குடித்தாள், சர்க்கரை போதவில்லை என்றாள், கிளம்பினாள். மேஜையில் கொட்டிய சாமான்கள் கொட்டியபடியே கிடந்தன. கோட்டான் சீப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

முதலாளி கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப்போகிறாரோ என்று ஒரு கணம் அவள் நினைத்துவிட்டாள். அந்த அசட்டு நினைப்புக்காக அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"உட்காரும்மா. நீ எடுக்கலை. அது தெரிஞ்சு போச்சு. ஆனா நியாயமா யோசிச்சுப் பாரு. நீ இங்க இருக்கறதாலதானே போலீஸ் வரைக்கும் போச்சு? நாளைக்கு இன்னொரு கஸ்டமர் வேறெதையாவது காணோம்பாங்க. மறுபடி இதே கூத்து. எனக்கும் பேரு கெடும், உனக்கும் கஷ்டம். நாளையிலேருந்து வர வேண்டாம்."

"தொலைச்சது அவங்க. கண்டுபிடிச்சதும் அவங்க. நடுவுல நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலைம்மா. அதைத்தானே நானும் சொல்றேன்."

"திங்கக்கிழமை காப்பகத்துலேருந்து போன் வரும்னு சொல்லியிருந்தேனே."

"வந்தா உண்மையைச் சொல்வேன். நல்லா வேலை செஞ்சாங்க, இப்ப இல்லைன்னு. பொய் சொல்ல முடியாது பாரு."

என்ன நேர்மை! எழுந்து மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. கவிழ்த்தால், பார்த்தீர்களா, சொன்னோமே என்பார்கள். கத்தினாலும் அதேதான். அழுதால் நடிப்பு. பேசாமல் இருந்தால் கோட்டான். அவளுக்கென்று அவர்கள் விட்டுவைத்த ஒரு முகம்கூட இல்லை.

வெளியே வந்தாள். வாசலுக்குப் போகவில்லை. விரிப்புகள் அடுக்கும் அறைக்குப் போனாள். அங்கே மேடம் தனியாக நின்று, ஏற்கெனவே மடித்த விரிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த பிளாக்?" என்றாள் கோட்டான்.

"என்ன பிளாக்? வேலை முடிஞ்சா கிளம்பு."

"செருப்பைக் கவிழ்க்கறது அந்த ஒரு ஜெயில்லதான். எந்த பிளாக்?"

மேடம் போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவிலேயே சாய்ந்து நின்றார். குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"பழைய பிளாக். தகரக் கூரை."

"மழை பேஞ்சா ஒழுகுமே."

"ஒழுகும். நாங்க பாயைச் சுருட்டிக்கிட்டு உட்கார்ந்தே தூங்குவோம்." பெருமூச்சு விட்டார். "வீட்டுக்காரருக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியாது. அந்த வருஷமெல்லாம் வெளியூர்ல அத்தைக்குத் துணையா இருந்தேன்னு சொல்லி வெச்சிருக்கேன். எனக்கு அத்தையே கிடையாது."

வேறொரு நாளாக இருந்தால் கோட்டான் சிரித்திருப்பாள்.

"அப்ப எதுக்கு என்னை ரெண்டு ரெண்டு தடவை தடவினீங்க?"

மேடம் கையிலிருந்த விரிப்பின் மடிப்பை நீவினார்.

"கேக்கறேன்ல? என்னை அனுப்பச் சொல்லி முதலாளி காதுல ஓதினதும் நீங்கதானே?"

"பயம்," என்றார் மேடம். "நீ நிக்கறது, சாப்பிடறது, தட்டைக் கையால மறைச்சுக்கறது, எல்லாம் நான் செஞ்சது. உன்னைப் பாத்தா என்னைப் பாக்கற மாதிரி இருக்கு. எனக்கே அப்படித் தோணும்போது மத்தவங்களுக்குத் தோணாதா? உன்கிட்ட கடுமையா இருந்தா யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டாங்கன்னு..." பாதியில் நிறுத்தினார். "தப்புதான். மன்னிச்சிடு. யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா."

இப்போது 'அம்மா' வந்துவிட்டது. இத்தனை நாளும் 'ஏய்'.

கோட்டானுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்த ஒரு கணத்தை உடனே மிதித்துப் போட்டாள்.

"திங்கக்கிழமை போன் வரும். முதலாளி ஆமான்னு சொல்லணும். சொல்ல வைங்க."

"அவர் முடிவு பண்ணிட்டாரே. நான் எப்படி..."

"அனுப்பச் சொல்லத் தெரிஞ்சுதுல்ல? வெச்சுக்கச் சொல்லவும் தெரியும். இல்லேன்னா போற வழியில ரேடியோகிட்ட உங்க அத்தையைப் பத்தி விசாரிச்சிட்டுப் போறேன்."

மேடத்தின் முகம் வெளுத்தது. "மிரட்டறியா?"

"ஆமா, மிரட்டறேன்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பயம் குறைவாக இருந்திருக்கும். "உள்ளே போகும்போது எனக்கு எடுக்க மட்டும்தான் தெரியும். மிரட்ட அங்கதான் கத்துக் குடுத்தாங்க. வெளியே வந்து ஒழுங்கா இருந்தேன். எடுக்கலை, வாய் பேசலை, தடவினப்பல்லாம் நின்னேன். எடுக்கலைன்னு இன்னிக்கு ஊருக்கே தெரிஞ்சும் போச்சு. என்ன கிடைச்சுது? சீட்டைக் கிழிச்சாங்க. ஒழுங்கா இருந்ததுக்கு அதுதான் கூலி. அங்க கத்துக்கிட்ட இது ஒண்ணுதான் எனக்கு இப்ப உதவுது. என் பொண்ணுக்குத் தலையணை வாங்கி வெச்சிருக்கேன் மேடம். அது சும்மா கிடக்காது."

மேடம் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

கண்ணாடி அறையின் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. பேச்சு கூடம் வரைக்கும் கேட்டது.

"அவளை அனுப்ப வேண்டாம் சார். உருளையில அந்த வேகத்துக்கு ஆள் கிடைக்காது. ஆஸ்பத்திரித் துணி அப்படியே தேங்கிடும்."

"என்ன மேடம் இது? நேத்து வரைக்கும் அனுப்புங்க அனுப்புங்கன்னு என் உயிரை வாங்கினீங்க!"

"நேத்து சொன்னேன் சார். இன்னிக்கு இதைச் சொல்றேன். போலீஸ் வந்தது அவளால இல்லை. பவுடர் பெட்டியைப் பாக்காதவங்களால."

முதலாளியின் நாற்காலி கிறீச்சிட்டது.

"சரி, நீங்க பொறுப்பு ஏத்துக்கிட்டா இருக்கட்டும். போன் வந்தா சொல்லிடறேன். எனக்கென்ன?"

எனக்கென்ன! இவ்வளவுதான். ஒரு குழந்தை தாயிடம் வருவதும் வராததும் இந்த ஆளின் வாயில் இவ்வளவு லேசாகப் புரண்டது. கோட்டான் உருளைக்கு முன்னால் போய் நின்றாள். ஜெயித்துவிட்டாள். மகள் வருவாள். ஆனாலும் உள்ளே கொதித்தது அடங்கவில்லை. எடுக்கவில்லை என்ற உண்மை அவளைக் காப்பாற்றவில்லை. இன்னொருத்தியின் கழுத்தில் கை வைத்த பிறகுதான் ஆமாம் என்றார்கள். நாளைக்கு மகள், எப்படிம்மா என்னைக் கூட்டிவந்தாய் என்று கேட்டால் எதைச் சொல்வாள்?

விரிப்பை இழுத்து உருளைக்குள் கொடுத்தாள். ஆவி சீறியது.

சாயங்காலம் வாசலில் வழக்கம்போல வரிசை. மேடம் மேஜைக்குப் பின்னால் நின்றார். ரேடியோ பையைத் திறந்து காட்டிவிட்டு நகர்ந்தாள். ஆனால் போகவில்லை. வேடிக்கை பார்க்க ஓரமாக நின்றாள். இன்றைக்குக் கோட்டானுக்கு விசேஷ பூசை இருக்கும் என்று எதிர்பார்த்தாள்.

கோட்டான் மேஜைக்கு வந்தாள். மேடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையையும் தொடவில்லை.

"போ. பரவாயில்லை," என்றார் மெதுவாக.

"என்ன மேடம், இன்னிக்கு இவளுக்கு மட்டும் லீவா?" என்றாள் ரேடியோ. கண் இரண்டும் மேடத்தின் மேலேயே இருந்தன.

மேடத்தின் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்தது.

கோட்டான் பையை எடுத்து, தானே மேஜையில் கொட்டினாள். சீப்பு, டப்பா, சாவி, மாற்றுக்கென்று வாங்கிய இன்னொரு நீலத் தலையணை உறை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள்.

"தடவுங்க மேடம்," என்றாள் பல்லிடுக்கில், மேடத்துக்கு மட்டும் கேட்கும்படி. "நல்லாத் தடவுங்க. அவ பாக்கறா."