ஏழு ஐம்பத்திரண்டு

முதல் ஃபோன் வந்து எட்டு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அலீனா கேரவனுக்குள் மண்டியிட்டு, சின்ன ஃப்ரிட்ஜிலிருந்து மீனை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே மீன். முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா. செய்தித்தாளில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, பையின் மேல் மார்க்கரால் 'ஏ ஒன்' என்று எழுதியிருந்தது. அப்பாவின் கையெழுத்து. சர்தார் பாஷா முப்பத்தோரு வருடம் தோல் ஃபேக்டரியில் செலக்‌ஷன் மேஜையில் நின்றவர். பதனிட்ட தோலை விரலால் தடவி, கீறலையும் பூச்சிக்கடியையும் கண்டுபிடித்து, மூலையில் தரத்தை எழுதுவது அவர் வேலை. மார்ச்சில் ஓய்வு பெற்றார். மே மாதம் நண்பர்கள் இரண்டு பேருடன் கடற்கரை ஓரமாகவே நான்கு நாள் போய்வர, சென்னையில் இந்த வண்டியை வாடகைக்கு எடுத்தார்கள். மகாபலிபுரம், மரக்காணம், பாண்டிச்சேரி, பரங்கிப்பேட்டை. இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, உள்ளேயே கழிப்பறை.

"சினிமாக்காரன் வண்டிம்மா இது," என்று வெள்ளிக்கிழமை ஃபோனில் சொன்னார். "உங்க அம்மிகிட்ட சொல்லு, ஹீரோ தூண்டில் போட்டுனு இருக்கார், இப்ப பேச முடியாதுன்னு."

வீட்டில் பேசுவது உருது. கூடப் போன நண்பர் தணிகை மாமா பக்கத்தில் இருந்தால் மட்டும் அப்பா அவளிடமும் தமிழில்தான் பேசுவார்.

இன்று ஞாயிறு. வீட்டின் பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் யாசிர், அப்பாவின் தம்பி அப்துல் கரீம் சாச்சா, பள்ளிவாசலிலிருந்து வந்த ஒருவர். பிற்பகல் அஸர் தொழுகைக்கு எடுப்பதாக முடிவாகியிருந்தது. உடலைத் தூக்கிப்போகும் சந்தூக் தெருவுக்குள் வர வழி வேண்டும். கேரவன் பாதித் தெருவை அடைத்து நின்றது. நகர்த்துவதற்குள் சாமான்களை எடுத்துவிடு என்று சாச்சா அவளை அனுப்பியிருந்தார்.

எதிர் வீட்டு முத்துமாரி அக்கா வண்டியின் கதவருகே வந்து நின்றாள்.

"மீனா? இங்க குடு. மூணு நாளைக்கு உங்க வூட்ல அடுப்பு மூட்ட மாட்டீங்களே." பையை வாங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "உள்ளியே கக்கூஸா? பாரேன்." பிறகு குரலைத் தணித்தாள். "அந்த குடியாத்தத்துக்காரர்தான் ஓட்டினு வந்தாராமே. அஞ்சு மணி நேரம்! வழியில ஒரு ஆஸ்பத்திரிகூடவா கண்ணுல படல?"

அலீனா படுக்கை விரிப்பை மடித்தாள். முத்துமாரி அக்கா மீனோடு போனாள்.

படுக்கையின் இடுக்கில் ஒரு சோடா பாட்டில் கிடந்தது. பாதி குடித்தது. பக்கத்தில் வாயு மாத்திரை அட்டை. இரண்டு மாத்திரை குறைந்திருந்தது. இரண்டையும் வாங்கிக் கொடுக்கச் சொன்னது அவள்தான்.

காலை ஆறு நாற்பதுக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து தணிகை மாமா கூப்பிட்டார். அவர் குடியாத்தத்தில் எட்டு விசைத்தறி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவின் தோஸ்த். "பாப்பா, உங்கப்பாவுக்கு நெஞ்ச அடைக்குதாம். வேர்த்து ஊத்துது. ரெண்டு தடவ வாந்தி. யாசிருக்கு பண்ணாத, பயந்துக்குவான், பாப்பாகிட்ட கேளு, அது சயின்ஸ் படிச்சிருக்குன்றான்."

அவள் படித்தது வேதியியல். ஃபேக்டரி ஆய்வகத்தில் கழிவுநீரில் குரோமியம் எவ்வளவு என்று பார்ப்பவள். மூன்று முறை அளக்காமல் ஓர் எண்ணைக்கூட எழுதமாட்டாள். ஆனால் காலையில், தூக்கம் கலையாமல், சொன்னாள். நேற்று ராத்திரி சாப்பிட்ட இறாலாக இருக்கும். கேஸ். சோடாவும் கேஸ் மாத்திரையும் குடுங்க. அவருக்குச் சர்க்கரை இருக்கு, தெரியாத இடத்துல காட்ட வேணாம். வேலூருக்கே கொண்டுவந்துடுங்க. அவர் ஃபைல் அங்கதான் இருக்கு.

அது தவறு என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது. வங்காளத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வேலூருக்கு வந்து காட்டுகிறார்கள். வேலூர்க்காரன் வேறு ஊரில் போய்ப் படுப்பானா? சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்லிக் கேட்டது.

ஃபைலை எடுத்துக்கொண்டு அவளே முதலில் போய் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றாள். பத்தரையிலிருந்து பன்னிரண்டே கால் வரை. வண்டியில் வந்தவர்கள், போளூர் தாண்டியபோதே மூச்சு இல்லை என்றார்கள். பழைய ஃபைல் கையில் இருந்ததால் டாக்டர் விசாரித்துவிட்டு, உடலை அறுக்காமல், இறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். ஃபைல் அதற்குப் பயன்பட்டது. கூட வந்த இன்னொரு நண்பர் கோபிநாத் அங்கிள் அங்கேயே தலைசுற்றி விழுந்தார். அவர் மகன் வந்து அழைத்துப்போனான்.

தண்ணீர் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் யாசிர் வெளியே வந்தான். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. தணிகை மாமா வண்டியின் முன் சக்கரத்தின் ஓரம், நிழல் இல்லாத இடத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். யாசிர் அதுவரை சாச்சாவிடம் உருதுவில் பேசிக்கொண்டு வந்தவன். அவர் முன்னால் நின்றதும் தமிழுக்கு மாறினான்.

"பரங்கிப்பேட்டையிலேர்ந்து வேலூர். நடுவுல எத்தன ஊரு மாமா?"

அவர் எழுந்து நின்றார்.

"சொல்லுங்க. கடலூரு. பண்ருட்டி. விழுப்புரம். திருவண்ணாமல. நாலு ஊர்லயும் ஆஸ்பத்திரி இல்ல?"

"இருந்துச்சுப்பா."

"பின்ன?"

"தப்புதான்."

"தப்பா? டீ கடையில சக்கர ஜாஸ்தி போட்டா தப்பு. நீங்க பண்ணதுக்குப் பேரு இன்னா?" யாசிர் ஈரக் கையால் முகத்தைத் துடைத்தான். "எனக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்ல? யாரைக் கேட்டு அவ்ளோ தூரம் ஓட்டினு வந்தீங்க?"

அலீனா வண்டிக்குள் ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்கும் தூரம் ஆறடி.

"யாரையும் கேக்கல," என்றார் தணிகை மாமா. "நானா முடிவு பண்ணேன்."

வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். யாரும் யாசிரைத் தடுக்கவில்லை. சாச்சா மட்டும் அவன் தோளைத் தொட்டு, "சலோ," என்றார்.

"வண்டிய எடுத்துனு கிளம்புங்க," என்றான் யாசிர். "இங்க இருக்காதீங்க."

தணிகை மாமா ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறினார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். சாவி இரண்டு முறை தவறியது. பின்னால் அவள் இருப்பதை அப்புறம்தான் பார்த்தார்.

"எறங்கும்மா. முனையில நிறுத்திட்டு சாவி குடுக்கறேன்."

"மாமா, ஏன் அப்படி சொன்னீங்க?"

"எப்படி?"

"யாரையும் கேக்கலன்னு."

அவர் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். "எனக்கு அறுபது வயசு. நாலு பேர் திட்டுனா ஊருக்குப் போய் தறிய ஓட்டுவேன். சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நீ இந்த வூட்ல இருக்கணும். உங்கண்ணன் மூஞ்ச தெனம் பாக்கணும்." சட்டைப் பையைத் தட்டினார். "என் ஃபோன்ல ரெண்டு காலையும் அழிச்சுட்டேன். நீயும் அழிச்சுடு. மொதோ கால்கூட போவட்டும். ரெண்டாவது பேசுனது யாருக்கும் தெரிய வேணாம். செத்தாலும் சொல்லாத."

"கோபி அங்கிளுக்கு?"

"அவன் பின்னாடி உங்கப்பா தலைய மடியில வச்சினு இருந்தான். யார்கிட்ட பேசுனேன்னு தெரியாது." சாவியை மறுபடி நுழைத்தபடி, "பாஷாவே சொன்னான், வேலூர் போயிடலாம்னு," என்றார்.

"அப்பா சொன்னாரா? நெஜமாவா?"

அவர் சாவியைத் திருகினார். எஞ்சின் சத்தம் எழுந்தது. அவள் சோடா பாட்டிலையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

உள்ளே கூடத்தில் அப்பா வெள்ளைத் துணிக்குள் இருந்தார். முகம் மட்டும் திறந்திருந்தது. நான்கு நாள் கடற்கரை வெயிலில் மூக்கின் மேல்தோல் உரிந்திருந்தது. காதுகளில் பஞ்சு. கற்பூர வாசனை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு விலகினார்கள்.

அலீனா கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். ஃபோனை எடுத்தாள். பட்டியலில் இரண்டு வரி. 6.40, நான்கு நிமிடம். 7.52, நாற்பத்தெட்டு விநாடி. விரலை வரியின் மேல் வைத்து அழுத்தினாள். அழிக்கவா என்று கேட்டது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். கையை எடுத்துவிட்டாள். மீண்டும் வைத்தாள். மீண்டும் எடுத்தாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். யாராவது வந்து ஃபோனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

அம்மி அறையின் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வளையல்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அலீனாவைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"தணிகை அண்ணா எங்கே?"

"தெருமுனையில."

"ஏதாவது சாப்பிட்டாரா? அவருக்கும் சர்க்கரை இருக்கு. ஒரு டீயாவது கொடுக்கச் சொல்லு."

"யாசிர் பாய்ஜான் அவரைப் போகச் சொல்லிட்டார் அம்மி."

அம்மி அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். "அவன் சொல்லட்டும். அவனுக்கு யாரையாவது குறை சொல்லணும்." பிறகு, "கடைசியில வலிச்சுதான்னு மட்டும் அவர்கிட்ட கேட்டு வா. வலிக்கலன்னு சொன்னா போதும்," என்றாள்.

அலீனா எழுந்தாள். வாசல்வரை போனாள். அதற்குள் சந்தூக் வந்துவிட்டது.

ஆண்கள் உள்ளே வந்தார்கள். பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். நால்வர் துணியின் முனைகளைப் பிடித்து அப்பாவைத் தூக்கி, சந்தூக்குக்குள் வைத்தார்கள். அவர் அவ்வளவு கனமில்லை போலிருந்தது. அம்மி ஒரு முறை மட்டும் சத்தம் போட்டாள். அது எந்த மொழியிலும் இல்லை.

வாசலைத் தாண்டித் தெருவுக்கு இறக்கியதும் தோள் மாற்றினார்கள். முன்னால் யாசிரும் சாச்சாவும். பின்னால் வலப்பக்கம் ஃபேக்டரி ஆள் ஒருவர். இடப்பக்கம் பிடித்திருந்தவர் அடுத்தவருக்கு இடம் விட்டு விலகினார். வழக்கம் அதுதான். பத்தடிக்கு ஒருவர் தோள் கொடுப்பார்கள். எல்லோருக்கும் அந்தப் பத்தடி கிடைக்கும்.

தணிகை மாமா போகவில்லை. முத்துமாரி அக்கா வீட்டுச் சுவரோரம் நின்றிருந்தார். தலையில் யாருடைய கைக்குட்டையையோ கட்டியிருந்தார். ஓடிவந்து, காலியான இடத்தில் தோளை நுழைத்தார்.

யாசிர் திரும்பிப் பார்த்தான்.

"விடுங்க."

"யாசிர், முனை வரைக்கும்ப்பா. பள்ளிவாசல் வரைக்கும்கூட கேக்கல."

"கைய எடுங்க மாமா."

"அம்பது வருஷம்டா."

"நீங்க தொடாதீங்க அவர!"

தணிகை மாமா தோளை எடுத்தார். கையை மட்டும் மரத்தின் மேல் விட்டுவைத்திருந்தார். சாச்சா தலையசைத்ததும் அதையும் எடுத்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் லுங்கியில் துடைத்துக்கொண்டார். அந்த இடத்துக்கு உடனே யாரும் வரவில்லை.

வீட்டுப் பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். அலீனா படியில் நின்றாள். அப்புறம் தெருவில் நின்றாள். எப்போது இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பில்லாத காலுக்குத் தார் சுட்டது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில்கூட அவள் குரல் முதல் பெஞ்சுக்குக் கேட்டதில்லை. தெரு முழுக்க ஆண்கள்.

"பாய்ஜான்."

யாருக்கும் கேட்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் கலிமா சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

"பாய்ஜான், நில்லு!"

நின்றார்கள். சாச்சா திரும்பி, "உள்ளே போம்மா," என்று உருதுவில் சொன்னார்.

அவள் தமிழில் சொன்னாள். தணிகை மாமாவுக்கும் கேட்க வேண்டும்.

"காலையில மாமா எனக்கு ஃபோன் பண்ணார். வேலூருக்கு கொண்டாங்கன்னு நான் சொன்னேன்."

"பாப்பா, வேணாம்," என்றார் தணிகை மாமா. "அது ஏதோ பேசுது, யாசிர். நீங்க போங்க."

"ரெண்டாவது தடவையும் பண்ணார். ஏழு ஐம்பத்திரண்டுக்கு. கடலூர்ல. எதிர்லயே ஆஸ்பத்திரி இருக்கு, அப்பா கூப்ட்டா பேச மாட்றார், வண்டிய உள்ள விடட்டுமான்னு கேட்டார்." மூச்சு போதவில்லை. நிறுத்தி, மறுபடி இழுத்துக்கொண்டாள். "நான் வேணாம்னேன். வலி கம்மியாகி தூங்கறார், எழுப்பாதீங்க, நேரா வாங்கன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

கலிமா சொல்வதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். பின்னால் இடப்பக்கம் தோள் இல்லாததால், சந்தூக் அந்தப் பக்கமாகச் சற்றுச் சரிந்து நின்றது.