சாம்பல் கோட்டில் குத்திய சீட்டு

ஆங்கில இலக்கியப் பட்டத்துக்கு எனக்கு ஒரே ஒரு தாள்தான் பாக்கி. இலக்கியச் சொற்களைப் பற்றிய தாள். இரண்டு முறை எழுதிக் கோட்டைவிட்டாயிற்று. மூன்றாவதும் போனால் முதல் வருஷத்திலிருந்து மறுபடி பதிய வேண்டும்.

அதனால் இம்முறை ஒழுங்காகத் திட்டம் போட்டேன். எங்கள் சலவைக் கடையில் துணிகளில் குத்தும் அடையாளச் சீட்டுகளில் நாற்பதை எடுத்து, சீட்டுக்கு ஒரு சொல், கீழே அதன் அர்த்தம் என்று எழுதினேன். நாத்தனார் இஸ்திரி போட்டபடியே கேள்வி கேட்பாள்.

“மெட்டஃபர்?”

“ஒண்ண இன்னொண்ணுன்னே சொல்லிடறது. உங்கண்ணன் ஒரு கல்லு.”

“சிமிலி?”

“உங்கண்ணன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு.”

“எல்லாத்துக்கும் எங்கண்ணன்தான் கெடச்சாரா, அண்ணி?”

“வேற யாரு இருக்கா, கைக்கெட்டற தூரத்துல?”

ஐரனி மட்டும் மண்டையில் ஏறவில்லை. ‘நினைத்ததற்கு நேர்மாறாக முடிவது’ என்று சீட்டில் எழுதியிருந்தேன். சொந்தமாக ஓர் உதாரணம் வரவில்லை. போன தடவை காலை வாரியதும் அந்தக் கேள்விதான். அந்தச் சீட்டாவது தொலையாமல் இருக்கட்டும் என்று, ஐந்து மாதமாக யாரும் வாங்க வராமல் தொங்கிய சாம்பல் நிறக் கோட்டின் உள்பக்கம் ஊசியால் குத்திவைத்தேன்.

தேர்வுக்கு முதல் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், கோட்டைக் காணோம்.

“கோட்டுக்காரர் வந்தாரு அண்ணி. குடுத்தனுப்பிட்டேன்,” என்றாள் நாத்தனார்.

“அஞ்சு மாசமா வராத மனுஷன் இன்னிக்கா வரணும்!”

சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. அவரேதான்.

“ஏம்மா, என்னமோ குத்தி விட்டிருக்கீங்க? நேர்மாறா முடியும்னு எழுதியிருக்கு. கறை போகலைன்னா நேராச் சொல்லுங்க. நானும் வீட்டுக்காரியும் கோட்டத் தலைகீழாப் புரட்டிப் பாத்துட்டோம்!”

“கறையெல்லாம் போயிடுச்சுங்க. அது என் பரீட்சைச் சீட்டு. தொலையக் கூடாதுன்னுதான் அதுல குத்திவச்சேன். குத்தினதாலயே…”

பாதியில் நிறுத்திவிட்டேன். நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“குத்தினதாலயே?” என்றார் அவர்.

“தொலஞ்சு போச்சுங்க!” எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “கிழிச்சுப் போட்டுடுங்க. இனிமே அது வேண்டாம்.”

மறுநாள் அதே கேள்வி வந்தது. ஒன்றரைப் பக்கத்துக்குக் கோட்டுக் கதையை எழுதினேன்.

முடிவு வந்தபோது அறுபத்தொரு மதிப்பெண். நாத்தனார் எல்லாவற்றையும் ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருப்பாள் போலிருக்கிறது. கணவர் மெல்லக் கேட்டார்.

“அந்தக் கல்லப் பத்தியும் எழுதினியா?”

“மூணாவது கேள்விக்கு,” என்றேன்.