அப்பா மேல் சாம்பார் வாசம்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய ஹைக்கூக்களைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மகள் சுகப்பிரியாவின் தாளைத் தேடிப் படித்தாள் கனகலட்சுமி.

மழைக்கால மாலை
வீடு திரும்பும் அப்பா மேல்
சாம்பார் வாசம்

"இன்னாமா எழுதிக்கீது உன் பொண்ணு!" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு ரத்னா.

கனகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. கணவன் அருள்பாண்டி கார் கம்பெனியில் வெல்டர். அவன் மேல் புகை நாற்றமல்லவா அடிக்க வேண்டும்? அவள் மதியமே செல்போன் கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவாள். அவன் வரும்போது வீட்டில் மகள் மட்டும்தான். அப்படியானால் இது யார் வீட்டுச் சாம்பார்?

வீட்டுக்கு வந்ததும் அழுக்குத் துணி வாளியிலிருந்து அவன் சட்டையை எடுத்து முகர்ந்தாள். பெருங்காய வாசம் தூக்கியது. அன்று அவனுக்கு லீவு, கட்டிலில் படுத்திருந்தான்.

"யாரு வீட்ல சாப்பிட்டுட்டு வாரீய?" என்று சட்டையை அவன் மேல் எறிந்தாள்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். "வெல்டிங் லைன்ல ஆளக் கொறச்சிட்டாங்க. நாலு மாசமா அங்கனயே கேன்டீன்ல சமைக்கேன்."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"வெல்டர்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லி வச்சிருக்க. எப்படிச் சொல்லுவேன்?"

அவள் நம்பவில்லை. அவன் கையைத் திருப்பிக் காட்டினான். முழங்கைவரை எண்ணெய் தெறித்த கொப்புளங்கள், சில ஆறியும் சில ஆறாமலும் இருந்தன. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக்கூடப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் தன் கம்பெனிச் சூப்பர்வைசரிடம் போய்க் காலை ஷிப்ட் கேட்டாள்.