பேனா மூடி எதன் குறியீடு

கல்லூரிப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அருஞ்சொல். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் இலக்கிய வட்டத்தார் ஆசான் என்பார்கள். மனைவி ‘ஏங்க’ என்பாள். முதல் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

அவர் எழுதிய இலக்கியச் சொல் விளக்கக் கையேடு இல்லாமல் யாரும் தேர்வுக்குப் படித்ததில்லை. உவமை என்றால் என்ன, உருவகம் என்றால் என்ன, படிமத்துக்கும் குறியீட்டுக்கும் என்ன வேறுபாடு என்று ஆணி அடித்த மாதிரி சொல்லியிருப்பார். வம்பு என்னவென்றால், வகுப்பறையில் மூடவேண்டிய புத்தகத்தை மனிதர் வீட்டிலும் திறந்தே வைத்திருந்தார். மனைவியின் அப்பா செத்துக் கிடந்த அன்று அவளுடைய அக்கா, “ஊரே திரண்டு வந்திருக்கு, கண்ணைத் திறந்து பாருங்கப்பா” என்று அழுதபோது, இவர் மனைவியின் காதருகே குனிந்து, “இடவாகுபெயர்” என்றார். ஊர் வராது, ஊரில் உள்ளவர்கள்தான் வருவார்கள் என்று விளக்கமும் கொடுத்தார். துக்கத்தில் மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் நினைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான்.

போன வருஷம் அவள் மார்பில் கட்டி இருப்பதாக டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து, “பயமா இருக்குங்க, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது” என்றாள். அவர் அச்சுத்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இரட்டைக்கிளவி. பிரிச்சா பொருள் தராது.”

பிரிந்தால் தருமா என்று அவள் முதன்முதலாக யோசித்தது அன்றைக்குத்தான்.

அவள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து, காலையில் எது, ராத்திரி எது என்று மாத்திரை உறையின் மேல் எழுதிக் கொடுப்பவள். சாப்பாட்டு இடைவேளையில், மருந்துப் பில் அடிக்கிற கம்ப்யூட்டரிலேயே ஒரு கதையை அடித்தாள். ஆபரேஷனுக்குப் போகிற ஒருத்தியின் கதை. கணவனின் தொழிலை மட்டும் மாற்றினாள். கதையில் அவன் பாட்டு வாத்தியார். பெண்டாட்டி அழுதால் அழுகையின் சுருதி என்ன என்று சொல்வான், கீழே இறங்கினால் திருத்துவான். மற்றதெல்லாம் அச்சு அசல். அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றும் நேரத்தில் அவன் போன் செய்கிறான். தைரியம் சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று அவள் ஆசையாக எடுக்கிறாள். அவன் பேனா மூடி எங்கே என்று கேட்கிறான்.

அந்த போன் வந்தது உண்மை. பேனா மூடி கேட்டதும் உண்மை. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம் அது. வட்டத்தில் கதையை வாசிக்கும்போது இந்த இடம் வந்ததும் அவர் சட்டென்று நிறுத்தி, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும், இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஒரு பார்வை. இல்லாவிட்டால் அக்கா வீடு. அக்காவிடம் சொல்லியாயிற்று. துணிப்பை கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் தயாராக இருந்தது.

வட்டத்துக்கென்று சட்டதிட்டம் உண்டு. கதையைப் பெயர் போடாமல் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். ஆசான் எடுத்து, தொண்டையைச் செருமி, தானே வாசிப்பார். அலசல் முடியும்வரை எழுதியவர் மூச்சுக் காட்டக்கூடாது. முடிந்ததும் ஆசான், “யாரு எழுதினது?” என்று கேட்பார். உரியவர் எழுந்து நின்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஆசான் பேசும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. வீடு தீப்பிடித்தாலும் அவர் அரைப்புள்ளி வைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அன்று டின்னில் அவள் கதை மட்டும்தான் கிடந்தது. பெயிண்ட் கடைக்காரரும் வங்கிக் காசாளரும் இன்னும் நாலைந்து பேரும் வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். பெயிண்ட் கடைக்காரர் கதை எழுதத்தான் வட்டத்துக்கு வருகிறார், ஆனால் இதுவரை எழுதியதில்லை. ஆசான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி அவர் கழுத்துதான் நன்றாகப் பழகியிருந்தது.

ஆசான் வாசித்தார். அவள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். பாட்டு வாத்தியார் சுருதி பார்க்கிற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஆபரேஷன் இடம் வந்தது. தள்ளுவண்டி வந்தது. போன் வந்தது. பேனா மூடி எங்கே என்று படித்ததும் ஆசான் சட்டென்று நிறுத்தினார்.

அவள் கையிலிருந்த கரண்டி தானாகக் கீழிறங்கியது.

ஆசான் தலையைத் தூக்கினார். சமையலறைப் பக்கம் இல்லை, கூரைப் பக்கம்.

“ஆகா, இங்கதான் ஆள் மாட்டிக்கிட்டான். பேனா மூடி. இது சாதாரண மூடி இல்ல, குறியீடு. எதோட குறியீடு, சொல்லுங்க பார்ப்போம்.”

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். காசாளர், அடக்கப்பட்ட பேச்சு என்றார். இன்னொருவர் ஆண்மை இழப்பு என்று சொல்லிவிட்டு அவசரமாகத் தண்ணீர் குடித்தார். பெயிண்ட் கடைக்காரர், ஆசான் எதைச் சொன்னாலும் அதுதான் என்றார். படைப்பூற்று வற்றிப்போன கலைஞன் என்று ஆசான் தீர்ப்பு வழங்கினார். வழங்கும்போது தன் பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். அன்றைக்கும் மூடி அந்தக் காதில்தான் இருந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இதைத்தான் அன்று மயக்க மருந்து ஏறும்வரை யோசித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பிறகு ஆசான் கதையைக் கூறுபோட்டார். கணவன் பாத்திரம் உயர்வு நவிற்சி, இப்படி ஒரு ஜடம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சொல்பவளே நம்பத்தகாத கதைசொல்லி, தன் மேல் தானே கழிவிரக்கம் கொள்கிறாள், அவள் கண்ணீரை வாசகன் ஏன் துடைக்க வேண்டும் என்றார். ஆபரேஷனை வெட்டலாம், கதைக்கு அது பாரம் என்றார். அவள் கை தன்னையறியாமல் மார்பிலிருந்த தழும்பைத் தொட்டு மீண்டது.

“இவ மூணாவது பக்கத்துலயே கிளம்பியிருக்கணும். இவ்வளவு நாள் உக்காந்திருந்தா, அவன்மேல என்ன தப்பு? அவதான் மக்கு.”

காசாளர் ரசித்துச் சிரித்தார். நல்ல மனிதர். போன வாரம்தான் இவளிடம் சர்க்கரை மாத்திரையைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

கடைசியில் முடிவுக்கு வந்தார்கள். அவள் எழுதியிருந்த முடிவில், கணவன் ஒருநாள் மனைவி எழுதி வைத்த கதையைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு, “நீயா?” என்று கேட்கிறான். அவ்வளவுதான். ஆசான் தாளைத் தொடையில் தட்டினார். மலிவான நெகிழ்ச்சி என்றார். சினிமாவில்கூட இதை வெட்டிவிடுவார்கள் என்றார். பொய் என்று முத்திரை குத்தி, சரியான முடிவைத் தாமே அருளினார்.

“நாடக முரண் வேணும். பார்க்கிறவனுக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. அவன் பாடம் நடத்திக்கிட்டே இருக்கணும். அவ அவன் முன்னாடியே நடந்து வெளிய போகணும். அவனுக்கு மட்டும் உறைக்கக் கூடாது. அவ ஒரு வார்த்தை பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. அங்க முடிக்கணும்.”

“ஏங்க” என்றாள் அவள், வாசலிலிருந்து. வட்டம் நடக்கும்போது அவள் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. எல்லாரும் திரும்பினார்கள். அவர்கூடத் திரும்பினார். “அவன் அப்புறம் தேட மாட்டானா?”

ஆசானுக்குக் குஷி பிறந்துவிட்டது. பாமர வாசகியே கேள்வி கேட்கிறாள் பாருங்கள் என்பதுபோல வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“தேடுவானே, ஏன் தேட மாட்டான். பேனா மூடியத் தேடுவான்.”

நாற்காலிகள் குலுங்கின. பெயிண்ட் கடைக்காரர் கைதட்டினார். ஆசான் அவளைப் பார்த்து, டீ என்னாயிற்று என்று கையைக் காட்டிவிட்டு நாடக முரணின் உட்பிரிவுகளுக்குப் போனார்.

அவள் அடுப்பை அணைத்தாள். பாலை மூடி வைத்தாள். பூனை வரும். சிலிண்டருக்குப் பின்னாலிருந்து பையை எடுத்தாள். அந்த வீட்டுக்கு ஒரே வாசல். அதற்குப் போக நாற்காலி வட்டத்தைக் கடந்தாக வேண்டும். கடந்தாள். ஆசான் பேச்சை நிறுத்தாமலே காலை மடக்கி வழிவிட்டார். பையின் கைப்பிடி அவர் முழங்காலில் உரசியதும், கதைக்கு நடுவே வந்த கொசுவைப்போல அதைத் தட்டிவிட்டார்.

காசாளர் பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஆசான் மடியில் கிடந்த தாள்களைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. வாயைத் திறந்தார். ஆசான் விரலை உயர்த்தினார், தாம் இன்னும் முடிக்கவில்லை என்று. காசாளர் சட்டத்தை மதிக்கிறவர். வாயை மூடிக்கொண்டார்.

அவள் செருப்பு மாட்டி, படி இறங்கும்போதும் ஆசானின் குரல் ஜன்னல் வழியாகக் கூடவே வந்தது. உட்பிரிவுகள் முடிந்தன. வழக்கமான கேள்வி வந்தது.

“சரி, யாரு எழுதினது? எழுந்திருங்க.”

படிக்கட்டு திரும்புகிற இடத்தில் அவள் நின்றாள். மேலே நாற்காலி எதுவும் நகரவில்லை. கூச்சப்பட வேண்டாம், இவ்வளவு திட்டியதே இதில் ஏதோ இருக்கிறது என்பதால்தான், முடிவை மட்டும் நான் சொன்ன மாதிரி மாற்றினால் பத்திரிகைக்கு நானே அனுப்புகிறேன் என்றார் ஆசான். நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் ஓசை கேட்டது.

“நான்தாங்க ஐயா” என்றது பெயிண்ட் கடைக்காரரின் குரல்.

கைதட்டல் எழுந்தது. புருஷனுக்காக ஒரு படிகூடத் திரும்ப நினைக்காத அவள் கால், கதைக்காக ஒரு படி மேலே ஏறியது. அங்கேயே நின்றது. அப்போது ஆசானின் குரல், இத்தனை வருஷத்தில் அவள் ஒருதரம்கூடக் கேட்டறியாத கனிவோடு, ஜன்னல் வழியே வந்தது.

“இவ்வளவு தத்ரூபமா எழுதியிருக்கியே, எல்லாம் சொந்த அனுபவம்தானா? பாவம்யா உன் பொண்டாட்டி.”

அவள் ஏறின படியை இறங்கி, தெருவுக்கு வந்தாள்.