சிவகிரியிலிருந்து வந்த போல்ட்டு

"துப்பாக்கிக் குழாய் ஆம்பளைக்கு, போல்ட்டு பொம்பளைக்கு. உங்க வீட்லயும் அப்படித்தானே தாயி?"

"ஆமாக்கா. எங்க மாமியார் கொத்துச்சாவியைக் கையில கொடுத்தப்பவே போல்ட்டையும் சேத்துத்தான் கொடுத்தாக."

"அப்பன்னா உன் கையிலதான் தருவேன். உன் வீட்டுக்காரர் கையில தர மாட்டேன். கோவிச்சுக்கிட வேண்டாம்னு சொல்லு."

"அவுக வாசல்லதான் நிக்காக. உள்ள வரவே இல்லையேக்கா."

"நிக்கட்டும். அன்னைக்கு எங்க வீட்டுக்காரரும் இந்த அடுக்களை வாசல்லதான் நின்னாகளாம். 'ஞானம், போல்ட்டை எடுத்துத் தா'ன்னு கேட்டது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கு. நான் மேலநீலிதநல்லூர்ல அண்ணன் பேத்திக்குக் காதுகுத்துன்னு போயிட்டேன். பெட்டிச்சாவி என் இடுப்புல. நான் ஊருக்குப் போனதையே மறந்துட்டு, ஆளில்லாத அடுக்களையைப் பாத்துக் கேட்டுக்கிட்டே நின்னுருக்காக."

"பொறவு?"

"பொறவு என்ன? 'வெறுங்குழாயைக் காட்டினாப் போதும், பன்னி என்ன உள்ள எட்டியா பாக்கப் போகுது'ன்னு சிரிச்சுக்கிட்டே காட்டுக்குப் போனாக. பன்னி எட்டிப் பாக்கலை தாயி. முட்டிட்டு."

சிவகிரி ஞானபூரணம் சொன்ன இந்த வார்த்தைகள், அந்தி விழும்போதெல்லாம் பிரம்மநாயகிக்கு ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தன. சங்கரன்கோவிலில் கோயிலுக்கு வடக்கே அவள் வீடு. அவள் அடுக்களையில் உளுந்துப் பானைக்குள், எண்ணெய்த் துணி சுற்றி, அந்த போல்ட்டு இருந்தது.

அது வேண்டுமென்று அவள் கணவர் நெல்லைநாயகம் பிள்ளை அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. அவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. எழுபத்தெட்டாம் வருஷம் நிலக்கடலை காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கிவிட்டன. தாத்தா காலத்து ரைஃபிளை எடுத்துப் பார்த்தால் அது வெடிக்கவில்லை. குழாயின் பின்பக்கத்தில் தாழ்ப்பாளைப் போலத் தள்ளித் திருப்புகிற இரும்புதான் போல்ட்டு. அதற்குள்ளே ஓர் ஊசி இருக்கும். தோட்டாவின் அடியில் போய்த் தட்டுவது அதுதான். அந்த ஊசி முனை ஒடிந்து, போல்ட்டும் விரிசல் விட்டிருந்தது.

ராஜபாளையத்து லேத் பட்டறையில் புது ஊசி கடைந்து கொடுத்தார்கள். முதல் வெடிக்கே வளைந்துபோயிற்று. புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவரிடம் இதே சாடையில் ஒரு போல்ட்டு இருந்தது. உள்ளே போனது, ஆனால் திரும்பவில்லை. கடைசியில் திருநெல்வேலியில் துப்பாக்கி பழுதுபார்க்கிற பிச்சையாவிடம் போனார்.

"அண்ணாச்சி, கல்யாணம்னா பத்துக்கு ஏழு பொருத்தம் இருந்தாப் போதும், எப்படியும் குடும்பம் நடத்திரலாம்," என்று பிச்சையா சிரித்தார். "இதுக்குப் பத்தும் இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் வெடி பன்னிக்குப் போகாது, உம்ம மூஞ்சிக்குத்தான் வரும்."

"கம்பெனிக்கு எழுதிக் கேப்பமா வே?"

"கம்பெனிக்குக் கருமாதி முடிஞ்சாச்சு. இதுக்குக் கூடப்பிறந்தது ஒண்ணு சிவகிரியில உண்டு. உம்ம தாத்தாவும் அந்த வீட்டுத் தாத்தாவும் ஒரே துரைகிட்ட வாங்கினது. ஆளு செத்தப்போ குழாயைப் போலீசு கொண்டுபோயிட்டு. போல்ட்டு அந்தம்மாகிட்ட இருக்கும். போய்க் கேளும்."

அப்படி வந்த போல்ட்டு, பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைப் போலத் தயக்கமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. 'சளக்' என்று ஒரே சத்தம்.

"ஏட்டி, இங்கன வந்து பாரு!" என்று பிள்ளை கூவினார். அவர் முகம் அத்தனை மலர்ந்து பிரம்மநாயகி பார்த்து வெகுகாலமாகியிருந்தது. அவளும் சிரித்தாள். பிறகு அவர் வீட்டு வழக்கப்படி போல்ட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் அந்தியில் கரண்டு போயிருந்தது. பிள்ளை ஆபீசிலிருந்து இன்னும் வரவில்லை. அவள் சிம்னி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஞானம், போல்ட்டை எடுத்துத் தா."

குரல் அடுக்களை வாசலிலிருந்து வந்தது. அதட்டலில்லை, அவசரமில்லை. வெற்றிலை போட்ட வாயின் கனிவோடு, பழகிய மனுஷன் பழகிய மனுஷியைக் கூப்பிடுகிற குரல். அவள் திரும்பினாள். வாசலில் யாருமில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கரண்டில்லாத நேரத்தில் எந்த ரேடியோ என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

அதற்கடுத்த நாளும் வந்தது. இன்னொரு நாள் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், பானைமூடி விலகித் தரையில் உளுந்து சிதறிக் கிடந்தது.

பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாளிடம் மட்டும் சொன்னாள்.

"கோமதியம்மன் புத்துமண்ணை நெத்தியில பூசிக்கோ," என்றாள் முத்துமாரியம்மாள். "ஒண்ணு சொல்லுதேன் கேளு. அந்தியில மூணு தடவை கூப்பிடாம ஏன்னு கேட்டிராதே. அதுகளுக்கு ஒரு தடவைக்கு மேல கூப்பிட வாய் கிடையாது. ஏன்னு கேட்டுட்டியோ, பொறவு உன்னை விடாது."

"என்னையா கூப்பிடுது? ஞானத்தையில்லா கூப்பிடுது."

"நல்லதாப் போச்சு. அது பாட்டுக்குக் கூப்பிடட்டும். உன் பேரு என்ன ஞானமா?"

பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் பிரம்மநாயகியின் மனதுக்குள் முடியவில்லை. இத்தனை வருஷத்துத் தாம்பத்தியத்தில் அவள் கணவர் அவளைப் பேர் சொல்லி அழைத்ததே இல்லை. ஏட்டி, ஏய், இங்கன பாரு. ஒரு பிள்ளை பிறந்திருந்தால் இன்னாருடைய அம்மா என்றாவது கூப்பிட்டிருப்பார். மாமியார் இருந்தவரை வெட்கம் என்று நினைத்தாள். மாமியார் போனபின் வெட்கம் பழக்கமாகிவிட்டிருந்தது. கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் நாக்குவரை வரும். 'இந்த வயசுல உனக்கு என்ன கேக்குது' என்று சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று விழுங்கிவிடுவாள்.

செத்துப்போன ஒரு மனுஷன் தன் பெண்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அதை அவள் பயந்து பயந்துதான் கேட்டாள். அந்தக் குரல் ஒருநாள் வராமல் போனபோது, அந்தி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அடுத்த நாள்தான் அது நடந்தது.

"ஞானம், போல்ட்டை எடுத்துத் தா."

"இந்தா வாரேன்," என்றாள் பிரம்மநாயகி.

சொன்ன பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. கை முழங்கைவரை உளுந்துக்குள் புதைந்திருந்தது. விரல்கள் எண்ணெய்த் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தன. பாம்பைத் தொட்டவள்போலக் கையை உருவிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

இராச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள். "ஏங்க, அந்தப் போல்ட்டைத் திருப்பிக் கொடுத்திருவமா?"

"எதுக்கு?"

"அந்தியில அவரு வந்து கேக்காரு. சிவகிரிக்காரரு."

பிள்ளை ரசத்தை உறிஞ்சி முடித்தார். "கேட்டா, ஆபீசுல மனு எழுதிக் கொடுக்கச் சொல்லு. செத்தவன் மனுவுக்கும் நாங்க நம்பர் போடுவோம்."

"விளையாடாதீக. நீங்க அதை எடுத்துக்கிட்டுக் காட்டுக்குப் போறது எனக்குச் சரியாப் படலை."

"வேண்டாம்னா விடு, நீயே வச்சுக்கோ," என்று சிரித்தார். "வெறுங்குழாயைக் காட்டினாப் போதும், பன்னி என்ன உள்ள எட்டியா பாக்கப் போகுது?"

அவள் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் நழுவியது. சிவகிரியில் அந்த வார்த்தையைக் கேட்டவள் அவள் மட்டுந்தான். இவர் வெயிலில், தெருவாசலில் நின்றிருந்தார். அவள் இவரிடம் சொல்லவும் இல்லை.

"இதை யாரு உங்ககிட்டச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? வாயில வந்தது," என்றார்.

மறுநாள் மத்தியானம் புளியங்குடி பஸ்ஸில் வந்த ஆள் தகவல் சொல்லிவிட்டுப் போனான். பன்றிகள் மேற்கு வரப்பை இடித்துவிட்டன. பிள்ளை ஆபீசிலிருந்து சீக்கிரமே திரும்பி, ரைஃபிள் குழாயைக் கோணியில் சுற்றிக் கூடத்தில் சாத்திவைத்தார்.

"குளிச்சிட்டு வாரேன். கடைசி பஸ்ஸுக்குப் போயிருவேன். போல்ட்டை எடுத்து வை."

கிணற்றடியில் ராட்டினம் கிறீச்சிட்டது. அந்தி இறங்கியது. வழக்கம்போலக் கரண்டு போனது. சிம்னிக்குத் தீப்பெட்டி தேடினாள், கிடைக்கவில்லை. தடவித் தடவிப் பானையிலிருந்து போல்ட்டை எடுத்தாள். அது குளிர்ந்திருக்க வேண்டும். யாரோ இப்போதுதான் கையிலிருந்து வைத்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

"போல்ட்டை எடுத்துத் தா."

அடுக்களை வாசலில் ஓர் உருவம் நின்றது. இதுவரை அவள் அங்கே ஒரு குரலைத்தான் கேட்டிருக்கிறாள், உருவத்தைப் பார்த்ததில்லை. ஒரு கை நீண்டிருந்தது. முகம் இருட்டு.

'ஞானம்' என்ற வார்த்தை வரவில்லை. அப்படியானால் இவர்தான். அவள் ஓரடி எடுத்து வைத்தாள். அப்போது கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. தங்கள் கிணறா, மதிலுக்கு அந்தப்பக்கம் முத்துமாரியம்மாளின் கிணறா? ராட்டினம் ஒருமுறை கிறீச்சிட்டு நின்றது.

"என்னங்க," என்றாள்.

உருவம் நீட்டிய கையை மடக்கவில்லை. வெற்றிலை வாசனை வந்தது. பிள்ளையும் வெற்றிலை போடுகிறவர்தான். நேற்று அதே வாய் சிவகிரிக்காரர் வார்த்தையை அல்லவா சொன்னது!

கொடுக்கவில்லையென்றால், வந்திருப்பது இவராக இருந்தால், வெறுங்குழாயோடு காட்டுக்குப் போவார். கொடுத்துவிட்டால், வந்திருப்பது சிவகிரிக்காரராக இருந்தால், இந்த வீட்டில் இனி எது அவர் சொன்னபடி நடக்கும், எது தன் சொல்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவள் ஞானமாகிப் பதில் சொல்லியாயிற்று. இன்னொரு முறை சொன்னால் பிரம்மநாயகி என்று ஒருத்தி இங்கே இருந்தாள் என்பதற்கு யார் சாட்சி?

கை இன்னும் நீண்டிருந்தது. அவள் போல்ட்டை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்காமல் வந்தது.

"நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து கேக்கணும்னு நினைச்சது இது ஒண்ணுதான். என் பேரைச் சொல்லிக் கேளுங்க, தாரேன்."